சந்தையும் சந்நிதியும்: பௌஷ மேளாவை வட்டக்கச்சியிலிருந்து நோக்குதல்

1

மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்திலே, போல்பூருக்கு அருகேயுள்ள சாந்திநிகேதனத்தில், வங்காள நாட்காட்டியின்படி பௌஷ மாதம் ஏழாம் நாள் தொடங்கும் மேளா, நாட்டார் கலைகளும் கைவினைகளும் ஒருங்கே கூடும் குளிர்கால விழாக்களுள் பெரும்புகழ் வாய்ந்தது. டிசெம்பர் 22, 23ஆம் நாள்களையொட்டி வரும் இவ்விழாவில் ஏக்தாரா மீட்டிப் பாடும் பாவுல் பாடகர், சாந்தால் ஆடற்குழுவினர், மட்கலம் வனைவோர், பித்தளை வார்ப்போர், பழந்துணியில் ஊசிவேலை செய்யும் பெண்கள், ஈச்சமரத்துப் புதுவெல்லம் விற்போர் எனப் பலதிறத்தாரும் ஒரே வெளியிற் கூடுகின்றனர். பாட்டும் கூத்தும் கடையும் கொள்வனவும் அங்கே தனித்தனியே பிரிக்கப்படுவதில்லை.

நாட்டார் கலைகளைப் பேண விரும்பும் எவரும் இத்தகைய விழாவொன்றைத் தம் ஊரிலும் காண விழைவது இயல்பே. ஆயின், ஒரு சமூகத்தில் உருவான விழாவை இன்னொரு சமூகத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளுமுன், அதனை உருவாக்கிய சூழலும் நிலைநிறுத்திய சக்திகளும் எவையென அறிதல் வேண்டும். இவ்வாய்வைப் பொதுப்படையாக விடாது, வன்னிப் பெருநிலப்பரப்பின் ஒரு குறித்த ஊரில், அதாவது கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில், நிறுத்திப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் வட்டக்கச்சி பழமை பாராட்டும் ஊரன்று. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் ஆங்கில ஆட்சியினர் கட்டிய இரணைமடுக் குளமும், சுதந்திரத்தின் பின் 1950களில் விரிவுபெற்ற குடியேற்றத் திட்டங்களுமே அதனை இன்றைய உருவிற் படைத்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் காணி பெற்று வந்தோர் வாய்க்கால் வழியே வரிசையாகக் குடியமர்ந்த ஊர் அது. இத்தகைய ஊருக்கு நாட்டார் கலை என ஒன்று உண்டா, உண்டெனின் அதற்கு விழா எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இங்கு எழும் வினா.

2

பௌஷ மேளாவைத் தொன்மையான கிராமியத் திருவிழா எனக் கருதுவோர் பலர். அதன் வரலாறு வேறாக உள்ளது. ரவீந்திரநாத் தாகூரின் தந்தையாரான தேவேந்திரநாதர் 1843ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள், பௌஷம் ஏழாம் நாளில், இருபது பேருடன் பிரம்ம சமய தீட்சை பெற்றார். 1863இல் போல்பூருக்கு அருகே இருபது பிகா நிலம் பெற்றுத் தியானத்துக்குரிய இடமாக்கினார். 1888இல் அந்நிலத்தை அறக்கட்டளையொன்றின் பொறுப்பில் விட்டபோது, ஆண்டுதோறும் அங்கு மேளா ஒன்று நடத்தப்பட வேண்டும் என்ற விதியையும் சாசனத்திற் சேர்த்தார். எல்லாச் சமயத்தாரும் வந்து சமயப்பொருள் பேசலாம். உருவ வழிபாடு கூடாது. இழிவான களியாட்டம் கூடாது. மதுவும் மாமிசமும் தவிர எப்பொருளையும் விற்கலாம், வாங்கலாம் என்பன அவ்விதியின் சாரம். 1891ஆம் ஆண்டின் பௌஷம் ஏழில் பிரம்ம மந்திர் திறக்கப்பட்டது. 1894இல் அம்மந்திருக்கு எதிரேயுள்ள வெளியில் முதல் மேளா சிறிய அளவிற் கூடியது.

ஆகவே இவ்விழா, கல்கத்தாவைச் சேர்ந்த கற்ற நிலவுடைமைக் குடும்பமொன்று சாசன மூலம் தோற்றுவித்த விழாவாகும். அதற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதே உண்டு. அதே மாவட்டத்தில், அஜய் ஆற்றங்கரையிலுள்ள கெந்துளியில், பௌஷ மாத இறுதியில் மகர சங்கிராந்தியையொட்டிப் பாவுல் பாடகர் கூடும் ஜயதேவர் மேளா இதனினும் பழையது. அவ்வாறிருந்தும் சாந்திநிகேதனத்து மேளா சுற்றுப்புற மக்களால் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தோற்றுவிக்கப்பட்ட விழாவொன்று மக்கள் விழாவாக மாறியது எவ்வாறு என்பதே ஆராய்வுக்குரியது. வட்டக்கச்சி போன்ற இளம் ஊர்களைப் பொறுத்தவரை இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பழமை இல்லாத இடத்தில் மரபு வேர்கொள்ளாது என்ற எண்ணத்தை இவ்வரலாறு மறுக்கின்றது.

இதற்கான கருத்தியல் அடிப்படையை 1904இல் ரவீந்திரநாதர் ஆற்றிய ‘சுதேசி சமாஜ்’ என்னும் உரையிற் காணலாம். வங்காளத்துத் தண்ணீர்ப் பஞ்சமே அவ்வுரை எழக் காரணமாயிற்று. குளம் வெட்டுவதும் கல்வி புகட்டுவதும் ஒருகாலத்திற் சமுதாயத்தின் கடமைகளாக இருந்தன. அவற்றை அரசிடம் ஒப்படைத்துவிட்டு மனுக் கொடுப்பதே பொதுவாழ்வாகிவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. கற்றோர் ஆங்கிலத்திற் பேசிக் கலையும் மாநாடுகளுக்குப் பதிலாக மேளாக்களைக் கூட்ட வேண்டும். அங்கே யாத்திரை நாடகமும் கீர்த்தனமும் நடக்க வேண்டும். உழவரின் தேவைகளும் சுகாதாரமும் அங்கேயே பேசப்பட வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே ஒன்றுகூட வேண்டும் என்று அவர் வாதித்தார். கலையும் தண்ணீரும் ஒரே உரையிற் பேசப்பட்டமை கவனத்துக்குரியது. குளத்துநீரின் பங்கீட்டையே வாழ்வின் அச்சாகக் கொண்ட இரணைமடுக் கமக்காரனுக்கு இத்தொடர்பு விளக்க வேண்டாத ஒன்று.

3

மேளா வேர்கொண்டமைக்கு முதற்காரணம் அதன் காலம் எனலாம். தேவேந்திரநாதர் அந்நாளைத் தெரிந்தமை சமயக் காரணத்தால். அந்நாள் நிலைத்தமை பொருளாதாரக் காரணத்தால். வங்காளத்தின் தலையாய போகமான ஆமன் நெல் அக்ரஹாயண மாதத்தில் அறுவடையாகும். அடுத்துவரும் பௌஷத்தில் உழவன் கையில் நெல்லும் சிறிதளவு பணமும் ஓய்வும் இருக்கும். நிலம் காய்ந்திருக்கும், வண்டிகள் ஓடும். குயவனும் கொல்லனும் தம் பண்டங்களை விற்கவும், உழவன் மனைவி அடுத்த ஆண்டுக்குரிய பானை சட்டியை வாங்கவும் அதுவே தருணம். பாட்டும் கூத்தும் அக்கூட்டத்தை நாடி வந்தன.

இதே மார்கழியில் வட்டக்கச்சியின் நிலை முற்றிலும் வேறு. வடகீழ்ப் பருவமழை பொழியும் காலம் அது. ஐப்பசியில் விதைத்த நெல் பயிராக நிற்கும். களைபிடுங்கலும் பசளையிடலும் வெள்ளம் வடியவிடுதலும் இரவிற் பன்றிக்காவலும் கமக்காரனை வயலோடு பிணைத்துவைக்கும். வன்னியில் வழங்கிய ‘பண்டிப் பள்ளு’, ‘குருவிப் பள்ளு’ ஆகிய பாடல்கள் பயிரைக் காக்கும் இப்போராட்டத்திலிருந்தே பிறந்தவை. காலபோக அறுவடை தை, மாசியில் முடிய, பங்குனியில் ஓர் இடைவெளி உண்டாகும். வன்னியின் பெரும் பொங்கல்கள் அறுவடைக்குப் பிந்திய மாதங்களிலேயே அமைந்துள்ளன. வட்டக்கச்சியார் செல்லும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கல் பங்குனி உத்திரத்தன்று நடைபெறுகின்றது. முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல் வைகாசி விசாகத்தையொட்டி நிகழ்கின்றது. விழாவின் நாட்காட்டி நெல்லின் நாட்காட்டியை அடியொற்றியதே என்பதற்கு வங்காளமும் வன்னியும் ஒருசேரச் சான்றாகின்றன.

இங்கு ஒரு நுண்ணிய வேறுபாட்டையும் நோக்குதல் வேண்டும். மழையை மட்டும் நம்பிய பழைய வன்னிக் கிராமத்துக்கு மாசிக்குப்பின் நீண்ட ஓய்வு கிடைத்தது. பெருங்குளப் பாசனத்தின்கீழ் உள்ள வட்டக்கச்சியிற் குளத்தில் நீர் இருக்கும் ஆண்டுகளில் சித்திரையிலேயே சிறுபோக வேலை தொடங்கிவிடுகின்றது. நீர்ப்பாசனம் விளைச்சலைக் கூட்டியபோதே விழாவுக்குரிய ஓய்வைச் சுருக்கிவிட்டது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து தேய்ந்தமைக்குச் சினிமாவை மட்டும் காரணங்காட்டுவோர் உழைப்பின் காலவொழுங்கில் நேர்ந்த இம்மாற்றத்தைக் கணக்கிற் கொள்வதில்லை.

4

காலத்தையடுத்து நோக்கற்பாலது பண்டத்தின் பயன்பாடு. பாங்குரா மாவட்டத்துப் பாஞ்சுமுராவிற் குயவர் சுடும் நெடுங்கழுத்துக் குதிரை இன்று இந்தியக் கைவினையின் அடையாளச் சின்னமாகிவிட்டது. தொடக்கத்தில் அது தர்மதாகூர் முதலிய கிராமத் தெய்வங்களுக்கு நேர்த்திக்கடனாக மரத்தடியில் வைக்கப்பட்ட பொருள். வைத்தவர் அதனைத் திரும்ப எடுப்பதில்லை. மழையிலும் வெயிலிலும் அது மண்ணோடு கலந்தது. அதே குயவர் நாகதேவதையான மனசாவுக்குப் பாம்புப் படங்கள் சூழ்ந்த மண்படிமங்களையும் ஆக்கினர். மேளாவில் அவற்றை வாங்கும் நகரத்தாரின் வீட்டிற் குதிரை வரவேற்பறை அலங்காரமாகின்றது.

‘காந்தா’ எனப்படும் தையலின் கதையும் அத்தகையதே. தமிழிற் ‘கந்தை’ என்னும் சொல்லை நினைவூட்டும் இப்பெயர், கிழிந்த சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலுருவித் தைத்த போர்வையைக் குறித்தது. பாட்டி பேரக்குழந்தைக்குத் தைத்த பொருள் அது, விலை குறிக்கப்படாதது. தாகூர் 1922இல் கிராமப் புனரமைப்புக்கென நிறுவிய சிறீநிகேதனத்தின் முயற்சியாலும், அதன்பின் வளர்ந்த சந்தையாலும், இன்று பட்டுச் சேலைமீது கூலிக்குத் தைக்கும் தொழிலாக அது மாறியுள்ளது.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போதல் நியாயமாகாது. நேர்த்திக்கடன் குறைந்த காலத்திற் பாஞ்சுமுராக் குயவனின் அடுப்பை அணையாது காத்தது நகரத்துச் சந்தையே. வீர்பூம் கிராமங்களிற் பல பெண்களுக்குச் சொந்த வருவாயைத் தந்தது கூலித் தையலே. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. பயன்படுத்துவோனுக்காகச் செய்தவன் அப்பயன்பாட்டால் மதிப்பிடப்பட்டான். அலங்காரத்துக்காகச் செய்பவன் வாங்குவோனின் இரசனையால் மதிப்பிடப்படுகின்றான். முதலாவதில் வினைஞனும் கொள்வோனும் ஒரே மதிப்பீட்டைப் பகிர்ந்தனர். இரண்டாவதில் மதிப்பீடு ஒருவர் கையில் மட்டும் உள்ளது.

வன்னிப் பொங்கலில் முதல்வகை உறவு இன்றும் முற்றாக அற்றுப்போகவில்லை. வற்றாப்பளையிற் பொங்கலுக்குரிய பானை ‘வளந்து’ எனப்படும். அதனை அடுப்பேற்றுமுன் ‘வளந்து நேருதல்’ என்ற சடங்கு நிகழும். முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோயிலிற் கடல்நீரில் விளக்கெரிக்கும் சடங்கு அப்பொங்கலுக்கு முன்னதாக நடைபெறும். பானை வனைந்தவன், தீர்த்தம் எடுப்பவன், பறை முழக்குபவன், கண்ணகி கதை பாடுபவன் ஆகிய எவரும் அங்கே ‘கலைஞர்’ என அறிமுகப்படுத்தப்படுவதில்லை. அவர்களின் செயலின்றிப் பொங்கல் நடவாது. அதே வேளை இப்பங்கீட்டை இலட்சியமயப்படுத்துதலும் தவறாகும். அது சாதிப் படிநிலையோடு பின்னிப் பிணைந்தது. சந்நிதியில் ஒருவனுக்குரிய ‘உரிமை’ பலவேளைகளில் அவன் விலக முடியாத கட்டாயமுமாகும். சாந்திநிகேதனத்து மேளா சந்தையின் சுதந்திரத்தைத் தந்து பொருளின் பொருளைக் குறைத்தது. வன்னிச் சந்நிதி பொருளைக் காத்து மனிதனைக் கட்டியது. ஒன்றை மட்டும் புகழ்ந்து மற்றதை இகழும் திறனாய்வு இரண்டையும் விளங்கிக்கொள்ளாதது.

5

மூன்றாவது பிரச்சினை, எது கலை என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதாகும். 1888ஆம் ஆண்டுச் சாசனம் ‘இழிவான களியாட்டம்’ என ஒன்றை விலக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் கற்ற வகுப்பார், தெருவில் வழங்கிய பாட்டுக்களையும் ஆட்டங்களையும் பற்றிக் கொண்டிருந்த அருவருப்பு அச்சொற்களிற் படிந்துள்ளது. ரவீந்திரநாதர் தந்தையினும் விரிந்த மனத்தினர். லாலனின் பாடல்களைத் திரட்டி 1915இல் ‘பிரபாசி’ இதழில் வெளிப்படுத்தியவர் அவரே. ஆயினும் பாவுல் மரபில் அவரைக் கவர்ந்தது அதன் ஆன்மிக மெய்ப்பொருள். அப்பாடகர் தம் உடலையே சாதனைக் களமாகக் கொண்ட மறைவழக்குகள் அம்மேடைக்கு வரவில்லை. வடிகட்டல் மென்மையாக நிகழ்ந்ததேயன்றி நிகழாமற் போகவில்லை.

ஈழத்திலும் இத்தகைய வடிகட்டல் நிகழ்ந்தது. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதெனக் கண்டித்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னர் ஆகமவழிப்பட்ட அம்மன் கோயில்களாக மாறின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அவ்வழிபாடு நிலைத்தது. அதனோடு கோவலன் கூத்தும் நிலைத்தது. வட்டக்கச்சியிற் குடியேறியோர் யாழ்ப்பாணத்து ஆகமநெறிப் பற்றையும், அதன் அடியில் ஒதுங்கிக் கிடந்த காத்தவராயன் சிந்துநடைக் கூத்து முதலியவற்றையும் ஒருங்கே கொண்டுவந்தனர். சுற்றிலும் இருந்த பழைய வன்னியாரோ வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தையின் ஒப்பாரியையும் நாகதம்பிரான் பொங்கலையும் உடையவர்கள். மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சி மாவட்டத்துக்கு வந்த மக்கள் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் வழங்கிய மரபினர். ஆகவே இப்பிரதேசத்தின் நாட்டார் கலை என்பது ஒற்றை வேரிலிருந்து கிளைத்ததன்று. பல திசைகளிலிருந்து வந்தோர் ஒரே வாய்க்காலின் நீரைப் பகிர்ந்ததாற் பக்கம் பக்கமாக அமைந்தது. ‘வன்னியின் தூய கலை’ என ஒன்றைத் தேடும் விழா, இவர்களுள் ஒரு சாராரை வெளியே நிறுத்தாமல் நடைபெற முடியாது.

இவ்விடத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியை நினைவுகூர்தல் பொருத்தமானது. பேராதனையில் 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ தொடக்கம் 1967இல் வந்த ‘வாலிவதை’ வரை, கற்றோர் நாணிய கூத்தினைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே அவர் ஆடச்செய்தார். அண்ணாவிமாருக்கு அதுவரை கிடையாத மதிப்பு அதனாற் கிடைத்தது. எனினும் வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு வந்த கூத்து, விடியும்வரை நீளும் இயல்பை விட்டுச் சில மணிநேர அளவுக்குச் சுருங்கியது. சுற்றியிருந்து பார்த்த ஊரவர் எதிரேயிருந்து பார்க்கும் அவையோராயினர். இது அவர் குறையன்று, காலத்தின் தேவை. ஆனால் அவருக்குப் பின்வந்தோர் பலர் அச்சுருக்கத்தை மட்டும் பின்பற்றி, அண்ணாவியாரோடு அவர் கொண்ட உறவைப் பின்பற்றவில்லை. இன்று உத்தியோகபூர்வப் பண்பாட்டு விழாக்களில் அதிதிகளை மண்டபத்துக்கு அழைத்துவரும் ஊர்வலத்தில் கரகமும் காவடியும் கோலாட்டமும் நடந்து செல்கின்றன. கலை அங்கே வரவேற்பின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது.

6

இறுதியாக, விழா நடக்கும் நிலம் யாருடையது என்ற வினா எஞ்சுகின்றது. சாந்திநிகேதனத்தின் அண்மைக்கால வரலாறு இதற்குக் கூர்மையான விடை தருகின்றது. வங்காளப் பஞ்சம் நேர்ந்த 1943இலும் வகுப்புக் கலவரம் மூண்ட 1946இலும் மேளா நடைபெறவில்லை. விஸ்வபாரதி 1951இல் மத்திய அரசின் பல்கலைக்கழகமாயிற்று. கூட்டம் பெருகப் பெருகக் கழிவும் புகையும் ஒலியும் பெருகிச் சுற்றுச்சூழல் வழக்குகள் எழுந்தன. 2020 ஓகஸ்ட் மாதத்தில் பல்கலைக்கழகம் மேளா மைதானத்தைச் சுற்றி மதில் எழுப்ப முற்பட்டபோது, திரண்டு வந்தோர் அவ்வேலையைத் தகர்த்தனர். அவ்வாண்டு கொவிட் தொற்றினால் மேளா நின்றது. அடுத்த ஆண்டுகளிற் போல்பூரில் மாற்று மேளா கூடியது. 2023இல் மாவட்ட நிர்வாகம் பழைய மைதானத்தில் நடத்தியது. 2024இலேயே பல்கலைக்கழகமும் அறக்கட்டளையும் மீண்டும் பொறுப்பேற்றன. இதற்கிடையில், 2023 செப்டெம்பரில், சாந்திநிகேதனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

மதிலைத் தகர்த்ததிற் கட்சி அரசியலும் வணிகர் நலனும் கலந்திருந்தன என்பது உண்மை. அவற்றை நீக்கிப் பார்த்தாலும் ஓர் எச்சம் உண்டு. நிலவுடைமையாளர் ஒருவர் சாசனத்தால் அமைத்த விழா, மூன்று நான்கு தலைமுறைகளுக்குள் ஊராரின் உரிமையாகிவிட்டது. சட்டப்படி உரிமையுடைய நிறுவனமே அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியது. விழாவைத் தோற்றுவிப்பவர் வெளியாராக இருக்கலாம்; அதனைத் தொடர்பவர் ஊராராக இல்லாவிடின் அது நிலைக்காது.

தாகூர் 1934இல் இலங்கைக்கு வந்தபோது ஹொறணையில் ஸ்ரீ பாலிக்கு அடிக்கல் நாட்டினார், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். தமிழ்ப் பகுதிகளிற் சாந்திநிகேதனத்தின் செல்வாக்கு இசை, நடனம், இலக்கியம் என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. உழவரின் வயலருகே கல்விநிலையத்தை வைத்த சிறீநிகேதனத்தின் சிந்தனை அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில், இரணைமடுவுக்கு அணித்தாக இயங்குகின்றன. வட்டக்கச்சியில் அரச விதை உற்பத்திப் பண்ணையும் விவசாயப் பயிற்சி நிலையமும் உள்ளன. நெல்லை ஆராயும் நிறுவனங்கள் அங்கு குறைவில்லை. நெல்லை விளைவிப்போர் பாடியதையும் ஆடியதையும் அதே அக்கறையோடு நோக்கும் முயற்சியே வேண்டப்படுகின்றது.

அம்முயற்சிக்குப் பௌஷ மேளாவின் அனுபவத்திலிருந்து மூன்று நிபந்தனைகள் பெறப்படுகின்றன. விழாவின் நாள், அதிதிகளின் வசதியைப் பாராது, காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடைப்பட்ட நாள்களுள் அமைய வேண்டும். கடகமும் பாயும் சுளகும் கோடரிக்காம்பும் அவற்றைக் கையாளுவோர் வாங்கும் விலையில் அங்கே விற்கப்பட வேண்டும். நினைவுப்பொருட் கடை அதற்குப் பின்னரே வரலாம். எந்தக் கூத்து, எத்தனை மணிநேரம், யார் ஆடுவது என்பதை அண்ணாவிமாரும் கமக்கார அமைப்புகளும் தீர்மானிக்க, பல்கலைக்கழகத்தார் பதிவுசெய்வோராகவும் மாணாக்கராகவும் அங்கே செல்ல வேண்டும்.

2009 சனவரியில் வட்டக்கச்சி மக்கள் வீடு வாசலை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபோது மத்தளமும் உடுப்பும் ஏட்டுப் பிரதியும் தூக்கிச் செல்லத்தக்க பொருள்களாக இருக்கவில்லை. மீளக்குடியமர்ந்தோரிடம் எஞ்சியவை பெரும்பாலும் நினைவிலுள்ள பாட்டுக்களும் ஆட்டத் தாளங்களுமே. அவற்றை அறிந்தோர் முதுமையடைந்து வருகின்றனர். பொருத்தமான விழாவைப் பற்றிய விவாதம் நீளலாம். ஆயின் அவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை விழாவுக்காகக் காத்திருக்கத் தக்கதன்று. அதனை இவ்வாண்டுப் பங்குனியிலேயே தொடங்கலாம்.